வண்டு விழாத பயறு

அத்தியாயம் 14

கடலூர் பேருந்து நிலையத்தில் எழிலரசி இறங்கியபோது இரண்டு கையிலும் இரண்டு பைகள் கனத்தன. ஒன்றில் புது உளுந்து. மற்றதில் பச்சைப்பயறு, காராமணி, மொச்சை, செம்மண் கட்டிக் காயவைத்த துவரை என்று அவள் அம்மா தனித்தனியாகத் துணியில் முடிந்து கொடுத்தவை. சேத்தியாத்தோப்புப் பக்கம் பிறந்த வீட்டுக்குப் பத்திரிகை வைக்கப் போனவள், நாத்தனார் கல்யாணத்து வடைக்குப் புது உளுந்து இல்லாமல் திரும்பி வருவாளா?

நாத்தனார் அறிவுமதிக்கு வருகிற புதன்கிழமை முகூர்த்தம். மாப்பிள்ளை சிதம்பரம் செம்பியன். இது அவளுக்கு நிச்சயமான இரண்டாவது இடம் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். முதல் இடத்தாரோடு தட்டு மாற்றிய மறுமாதம் 'தானே' புயல் வந்தது. மஞ்சக்குப்பத்து வீட்டின் மாடி ஷீட்டை அப்படியே அள்ளிக்கொண்டு போனது. ஊரில் யார் வீட்டுக் கூரைதான் தப்பியது? ஆனாலும் அவர்கள், "தட்டு மாத்துன கையோட இப்படி ஆயிடுச்சே" என்று ஆள் அனுப்பிச் சொல்லி விலகிக்கொண்டார்கள். அறிவுமதி அழவில்லை. அவள் அம்மா மாரியம்மாள்தான் பொங்கல் முடியும்வரை அழுதாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பல்லி கத்தினால்கூட எல்லோரும் ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்துவார்கள்.

எழிலரசி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. மாமனார் மணவாளன் நடையில் நாற்காலி போட்டு, கல்யாணப் பத்திரிகையால் விசிறிக்கொண்டிருந்தார். கரண்ட் இல்லை. அந்த வருஷம் கரண்ட் இல்லாதது செய்தியல்ல. அவர் மருமகளைப் பார்த்ததும் "வாம்மா" என்று சொல்லாமல், குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உங்க அத்தை நேத்து ராத்திரிலேருந்து சாப்பிடல" என்றார்.

"இன்னா மாமா ஆச்சு?"

"உள்ள போய்ப் பாரு. சாமி ரூம்ல கூடைய தூக்கிப் பாரு."

கூடைக்குள் ஐந்து பாலிகைக் கிண்ணங்கள் இருந்தன. கல்யாணத்துக்கு முன்பு மண் கிண்ணத்தில் பயறு விதைத்து, பாலும் தண்ணீரும் தெளித்து, நிழலில் முளைக்க விடுவது வழக்கம். பெண் வீட்டிலும் போடுவார்கள், மாப்பிள்ளை வீட்டிலும் போடுவார்கள். முகூர்த்தத்தன்று இரண்டையும் மணவறையில் சேர்த்து வைப்பார்கள். விதைத்து இன்று மூன்றாம் நாள். பச்சைப்பயறு இந்நேரம் மண்ணைத் தள்ளிக்கொண்டு தலை நீட்டியிருக்க வேண்டும்.

ஒன்றும் இல்லை. ஐந்து கிண்ணத்திலும் ஈர மண் மட்டும்தான் இருந்தது.

மாரியம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"ஒண்ணுகூட வரல எழிலு. ஒண்ணுகூட."

"பயறு எங்க வாங்குனீங்க அத்தை? பழசா இருக்கப்போவுது."

"கடையில எதுக்கு வாங்கணும்? உன் டப்பாவுலேருந்துதான் எடுத்தேன். வண்டு விழாத பயறு இந்தத் தெருவுலயே நம்ம வூட்டுலதான இருக்குது? கடிச்சுப் பாத்தேன், டக்குனு ஒடையுது. உள்ளங்கையில தேச்சேன், தூசு இல்ல. தண்ணியில போட்டேன், ஒண்ணுகூட மெதக்கல. எல்லாம் அடியில போயி ஒக்காந்துச்சு. இதவிட நல்ல பயறு எங்க இருக்குது சொல்லு? பயறு மேல குத்தம் இல்லடி. வேற என்னமோ."

எழிலரசி கூடையைச் சட்டென்று கவிழ்த்து மூடினாள்.

ஏன் என்று சொல்ல வேண்டும். அவள் இந்த வீட்டுக்கு வாழ வந்த முதல் வருஷம், அவள் பொறுப்பில் இருந்த பயறு டப்பாக்களில் வண்டு விழுந்தது. கடல் காற்று அடிக்கிற ஊரில் அது பெரிய அதிசயம் இல்லை. வேப்பிலை போட்டாள், காய்ந்த மிளகாய் போட்டாள், மொட்டை மாடியில் வெயிலில் கொட்டினாள். வண்டு வெயில் காய்ந்துவிட்டுத் திரும்பி வந்தது. மாரியம்மாள் திட்டிய திட்டில், இரண்டாம் வருஷம் அவள் வேறு வழி பிடித்தாள். மாமியார் திருவந்திபுரம் கோயிலுக்குப் போகிற சனிக்கிழமைகளில் பயறையெல்லாம் வெறும் வாணலியில் போட்டு, நிறம் மாறாமல், கை வைத்தால் சுடுகிற அளவுக்கு வறுத்து, ஆறவைத்து, டப்பாவில் கொட்டி மூடிவிடுவாள். வறுத்தால் சத்து போய்விடும் என்பது மாரியம்மாளின் கொள்கை. அதனால் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வண்டு வரவில்லை. மாரியம்மாள் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்தாள். கைராசி!

"எங்க எழிலு கை பட்டா போதும், வண்டு அந்தப் பக்கம் வராது" என்று தெருவெல்லாம் சொன்னாள். பக்கத்து வீட்டு மலர்க்கொடி புதுப் பயறு வாங்கினால், எழிலரசியைக் கூப்பிட்டு முதல் கை அள்ளிப் போடச் சொல்கிற அளவுக்கு அது வளர்ந்துவிட்டது. கூச்சப்பட்டுக்கொண்டே அவளும் அள்ளிப் போட்டாள். மறுத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் வேலைக்கு அபுதாபி போன கணவன் வருஷத்துக்கு ஒரு மாதம் வருகிற வீட்டில், மாமியார் வாயால் வருகிற ஒரு நல்ல பேர் சின்ன விஷயமா?

வறுத்த பயறு சாப்பிட நன்றாக இருக்கும். எத்தனை மாதமானாலும் கெடாது. ஆனால் முளைக்காது.

"அந்த செல்லாயி அம்மா வேற வர்றாங்க" என்றாள் மாரியம்மாள். "பால் தெளிக்க இன்னிக்கே வராங்களாம். ஞாயித்துக்கிழமைன்னுதான் பேச்சு. காலையில போன் போட்டு, 'நான் பஸ் ஏறிட்டேன்'ன்றாங்க. வந்து பாத்தா என்ன நெனைப்பாங்க? மொத எடம் புயலால போச்சி. இது பயறால போவப்போவுதா?"

செல்லாயி மாப்பிள்ளைக்கு அத்தை. செம்பியனின் அம்மா இறந்த பிறகு அவனை வளர்த்தவள். சிதம்பரத்து வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம்.

எழிலரசி வாயைத் திறந்தாள். அதற்குள் மணவாளன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"ஒரு யோசனை தோணுது. கடையில முளைகட்டுன பயறு பாக்கெட்டுல விக்கிறான். சுகர்காரங்க வாங்கித் தின்றாங்க இல்ல, அதுதான். நாலு பாக்கெட் வாங்கியாந்து ஒவ்வொண்ணா மண்ணுல சொருவிடலாம்."

"ஏங்க, சாமி காரியத்துல பொய் பண்றதா?"

"பொய் இன்னா பொய்? அதுவும் முளைச்ச பயறுதான? வேற எடத்துல முளைச்சுது, அவ்ளோதான்."

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எழிலரசி பின்கட்டுக்கு வந்தாள். அறிவுமதி துவைத்த துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணத்துக்கு லீவு போட்டிருக்கிறாள்.

"வந்துட்டீங்களா அண்ணி? கூடைய தூக்கிப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை இல்ல. முளைச்சா முளைக்குது, முளைக்காட்டி போவுது." கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டு பேசினாள். பிறகு அதை எடுத்துவிட்டு, "நேத்து நான் மட்டும் எத்தினி தடவ தூக்கிப் பாத்தேன்னு எனக்கே தெரியல" என்றாள்.

சிரிக்கத்தான் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"அவரு நல்லா பேசுறாரு அண்ணி. போன்ல. நெறைய எல்லாம் பேச மாட்டாரு. சாப்டீங்களா, ஸ்கூல்ல பசங்க படுத்துறாங்களா, அவ்ளோதான். ஆனா நாம சொன்னத மறுநா ஞாபகம் வச்சு கேப்பாரு. இதுவும் போயிடுச்சின்னா..."  கொடியில் கிடந்த துணியையே மறுபடி இழுத்து நேராக்கினாள்.

எழிலரசி நேராகச் சமையலறைக்குப் போனாள். அலமாரியிலிருந்து பச்சைப்பயறு டப்பாவை எடுத்தாள். வாணலியையும் எடுத்தாள். இரண்டையும் கொண்டுபோய் மாமியாரின் முன்னால் வைத்தாள்.

"அத்தை, நான் ஒண்ணு சொல்லணும். சொன்னதுக்கு அப்புறம் எவ்ளோ வேணா திட்டுங்க."

"இன்னாடி?"

"இதுல இருக்கறது வறுத்த பயறு. எல்லா டப்பாவும் அப்படித்தான். வண்டு வராம இருக்க நான்தான் வறுத்து வச்சேன். கைராசியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

மாரியம்மாள் டப்பாவைப் பார்த்தாள். வாணலியைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள்.

"எப்பலேருந்து?"

"ரெண்டாம் வருஷத்துலேருந்து."

"நான் திருவந்திபுரம் போற அன்னிக்கா?"

"ஆமா."

"அதான் சனிக்கிழம வந்து பாத்தா வாணலி பளபளன்னு கழுவி கவுந்து கெடக்கும்! எங்க மருமவளுக்கு சுத்தம் ஜாஸ்தின்னு அதையும் நாலு பேருகிட்ட சொன்னேனேடி!"

எழிலரசி தலையைக் குனிந்துகொண்டாள்.

"மலர்க்கொடி வூட்டு டப்பாவுல உன்ன கைய வைக்க வச்சேன். அவ வூட்டு கடலையில வண்டு புடிச்சப்ப என்ன சொன்னேன் தெரியுமா? 'கை நல்ல கைதான், உனக்கு மனசு சரியில்ல'ன்னேன். பாவம், அவ வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம வெளக்குப் போட்டுக்கினு இருக்குறா!"

பின்வாசலில் அறிவுமதி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாரியம்மாள் டப்பாவிலிருந்து ஒரு பயறை எடுத்து வாயில் போட்டு மென்றாள். மெதுவாக, கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். இத்தனை வருஷமாகத் தின்ற பயறுதான். சந்தேகத்தோடு மென்றபோதுதான் அந்த லேசான வறுவல் வாசனை நாக்குக்குத் தெரிந்தது.

"அப்படின்னா..." மெல்லுவதை நிறுத்தினாள். "அப்படின்னா இது அறிவு ராசியால இல்ல?"

"இல்ல அத்தை. வாணலியால."

மாரியம்மாள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து நின்று, கொண்டையை அவிழ்த்து முடிந்தாள்.

"சோத்தப் போடு. பசிக்குது."

தட்டில் கை வைத்தவள், இரண்டு வாய் போனதும் நிமிர்ந்தாள். "ஆனா ஒண்ணு. சம்மந்திகிட்ட சொல்லக்கூடாது. நிச்சயதார்த்தத்தன்னிக்கு அவங்ககிட்டயும் உன் கைராசியப் பத்தி பெருசா பேசிட்டேன். இப்ப போயி வறுத்தான்னு சொன்னா என் மானம் என்னாவுறது?"

"அப்ப கேட்டா இன்னா சொல்றது?"

"வர்றதுக்குள்ள யோசிக்கிறேன்."

யோசிக்க நேரம் கிடைக்கவில்லை. மணவாளன் பாக்கெட்டுகளோடு முதலில் வந்தார். யாரிடமும் கேட்காமல் சாமி அறைக்குள் புகுந்து, ஒரு கிண்ணம் நிறைய முளைப்பயறு நட்டுவிட்டார். இரண்டாவது கிண்ணத்துக்குக் கையை நீட்டும்போது வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டது.

செல்லாயி உயரமான பெண்மணி. நடந்து வந்தாலே கூடத்தில் இடம் குறைந்த மாதிரி இருக்கும். கையில் பால் செம்பு, பூ, பழம். வந்தவள் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

"எங்க சம்மந்தி, பாலிகை எங்க?"

மாரியம்மாள் வழி காட்டினாள். வேறு என்ன செய்வது? செல்லாயி உட்கார்ந்து கூடையைத் தூக்கினாள்.

நான்கு கிண்ணங்கள் காலி. ஐந்தாவதில் மணவாளன் நட்டவை எல்லாம் சரிந்து, திருவிழா முடிந்த மறுநாள் கோயில் மண்டபத்தில் ஆட்கள் படுத்துக் கிடப்பதுபோல ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

"வெயிலு ஜாஸ்தி இல்லையா, அதான் கொஞ்சம்..." என்று தொடங்கினார் மணவாளன்.

செல்லாயி கிட்டக் குனிந்தாள். சரிந்து கிடந்ததில் ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள். அதற்கு மண்ணில் பிடிப்பே இல்லை. பக்கத்துக் கிண்ணத்து மண்ணை விரலால் கிளறி, ஊதிப்போன ஒரு பயறை எடுத்து முகர்ந்தாள். அறிவுமதி கதவோரம் நின்றாள். அவள் கை கதவின் தாழ்ப்பாளைப் பிடித்திருந்தது.

மாரியம்மாள் மகளைப் பார்த்தாள். அந்தக் கையைப் பார்த்தாள்.

"சம்மந்தி, நான் சொல்லிடறேன்" என்றாள். "அது வறுத்த பயறு. வண்டு வராம இருக்க எங்க மருமவ வறுத்து வச்சிருந்தா. அது தெரியாம நான்தான் எடுத்து வெதச்சுட்டேன். கைராசின்னு உங்ககிட்ட சொன்னதெல்லாம் நானா கட்டுனது. அவ ஒருநாளும் சொல்லல. அந்தப் படுத்துக் கெடக்கறது எங்க வூட்டுக்காரரு கடையிலேருந்து வாங்கியாந்தது. எம்மவ மேல ஒரு குத்தமும் இல்ல. நீங்க இன்னா நெனச்சாலும் அத மட்டும் நெனச்சிடாதீங்க."

 செல்லாயி கையிலிருந்த பயறைக் கிண்ணத்திலேயே போட்டாள். பால் செம்பைக் கீழே வைத்தாள். காலை நீட்டி நன்றாகவே உட்கார்ந்துகொண்டாள்.

"எங்க வூட்டுதும் வரல" என்றாள்.

"என்னது?"

"பாதி வந்துச்சு. மீதி அழுவிப் போச்சு. புயல் அன்னிக்கு எங்க வூட்டுல பயறு மூட்ட நனைஞ்சுது. காய வச்சு எடுத்து வச்சேன். ஒவ்வொண்ணுலயும் வண்டு ஓட்டை போட்டிருக்குது. தண்ணியில போட்டா முக்காவாசி மேல வருது. தெரிஞ்சுதான் போட்டேன். எங்க நெலத்துப் பயறு, அத வுட்டுட்டு கடையில வாங்க மனசு வரல. காலையில பாத்தேன், கிண்ணத்துல அங்க ஒண்ணு இங்க ஒண்ணு நிக்குது. சொட்டத் தலை மாதிரி."

மணவாளனுக்குத் தன் தலையைத் தடவிக்கொள்ளத் தோன்றியது. அடக்கிக்கொண்டார்.

"உங்க வூட்டுது தழைஞ்சு நின்னா, ரெண்டையும் மணவறையில பக்கத்துல பக்கத்துல வைக்கும்போது சனங்க என்ன சொல்லும்? தாயில்லாப் புள்ள, அதான் அவன் பக்கம் வெளங்கலன்னு சொல்லிட மாட்டாங்களா? அதான் ஞாயித்துக்கிழம வரைக்கும் பொறுக்க முடியாம ஓடியாந்தேன்." செல்லாயி கிண்ணங்களைப் பார்த்தாள். "உங்களுது எப்படி இருக்குதுன்னு பாக்கத்தான் வந்தேன் சம்மந்தி. பால் தெளிக்கணும்ன்றது சும்மா பேருக்கு."

மாரியம்மாள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். அது அழுகையா சிரிப்பா என்று வெளியே வரும்வரை யாருக்கும் தெரியவில்லை. வந்தது சிரிப்பு. செல்லாயி ஒரு கணம் முறைத்தாள். பிறகு அவளும் சிரித்தாள். அந்த உடம்புக்குத் தகுந்த சிரிப்பு. மதில்சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மலர்க்கொடி, "இன்னாக்கா விசேஷம்?" என்று குரல் கொடுத்தாள்.

"ஒண்ணும் இல்ல, பொறவு சொல்றேன்!" என்று மாரியம்மாள் கத்தினாள்.

"நீங்க ரொம்ப பத்திரமா வச்சிட்டீங்க, நான் ஒண்ணுமே பாக்காம வச்சிட்டேன்" என்றாள் செல்லாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு. பிறகு எழிலரசி பக்கம் திரும்பினாள். "ஏம்மா, எவ்ளோ நேரம் வறுக்கணும்? சொல்லிக்குடு. எனக்குத் தின்றதுக்காவது ஆவட்டும்."

எழிலரசிக்கு அம்மா கொடுத்தனுப்பியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஓடிப்போய்ப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அந்தக் களேபரத்தில் அதைப் பிரிக்கவே மறந்திருந்தாள். முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துத் தரையில் பரப்பினாள். அம்மா வீட்டுப் பயறு. நெல் அறுத்த வயலில் வந்து, பங்குனியில் பறித்தது. பச்சை இன்னும் மங்கவில்லை. துவரை மேல் செம்மண் அப்பியிருந்தது.

"இது வறுக்கல. எங்க அம்மாவுக்கு வறுக்கத் தெரியாது" என்றாள்.

"முகூர்த்தத்துக்குள்ள வந்துடுமா?" மாரியம்மாள் கேட்டாள்.

"புதுப் பயறு. நாளைக்கே மூக்கு நீட்டும்" என்றாள் செல்லாயி. சொல்லிவிட்டு ஒரு பயறைக் கடித்துப் பார்த்தாள். இனிமேல் யாரையும் நம்புவதாக இல்லை.

எல்லாவற்றையும் இரண்டு பங்காக்கினார்கள். ஒரு பங்கு இங்கே, ஒரு பங்கு சிதம்பரத்துக்கு. இரண்டு பாத்திரத்தில் ஊறப்போட்டார்கள். மிதந்த சிலவற்றை மாரியம்மாள் எடுத்தபோது, "அதையும் எடு, இதையும் எடு" என்று செல்லாயி பக்கத்திலிருந்து விரலைக் காட்டினாள். மதியம் சாப்பாடு. காலியான கிண்ணங்களிலிருந்து பழைய மண்ணைக் கொட்டிப் புது மண் நிரப்பினார்கள். மணவாளன் வாங்கிவந்த மிச்சப் பாக்கெட்டுகளைத் தாளித்து சுண்டலாக்கினாள் எழிலரசி. வாங்கிய காசு வீணாகவில்லை.

"மாமா, நீங்க நட்டதுல இதுதான் வெளைஞ்சுது" என்று அவர் தட்டில் வைத்தாள். அவர் சிரித்துக்கொண்டே இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டார்.

நாலு மணி பஸ்ஸுக்குச் செல்லாயி கிளம்பினாள். ஊறிய பயறை ஈரத்துணியில் கட்டி, தூக்குச்சட்டியில் வைத்து, மடியில் பிள்ளையை வைத்துக்கொள்வதுபோல ஆட்டோவில் வைத்துக்கொண்டாள். புறப்படுகையில் அறிவுமதியைக் கிட்டே கூப்பிட்டு, தான் கொண்டுவந்த பூவைத் தானே வைத்துவிட்டாள். "முளைச்சா போன் போடு. முளைக்காட்டியும் போடு" என்றாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் மஞ்சக்குப்பத்தில் ஐந்து கிண்ணங்களும் விதைத்து மூடப்பட்டன. இந்தத் தடவை விதைத்தது எழிலரசி. மாரியம்மாள்தான் பிடிவாதமாகச் சொன்னாள். "கைராசி இல்லாட்டி இல்ல. பயறு உன்னுது, நீயே போடு."

கரண்ட் வந்தபோது அறிவுமதியின் செல்போன் அடித்தது. சிதம்பரம். அவள் மாடிப்படிக்கு நகர்ந்தாள்.

"அத்தை எல்லாம் சொன்னாங்க" என்றான் செம்பியன். "பயறு வெதைச்சாச்சு. அவுங்களுக்கு முழங்கால் வலி, குனிய முடியல. என்னையே பாத்துக்கச் சொல்லிட்டாங்க."

"நீங்களா பாத்துக்கறீங்க?"

"ஆமா. ஏன், நான் பாத்தா முளைக்காதா?"

"அப்படிச் சொல்லல." அறிவுமதி சிரித்தாள். கொடிக்கடியில் பாதியில் நின்றுபோன சிரிப்பு.

"ஒரு சந்தேகம். தண்ணி எவ்ளோ விடணும்?"

"இருங்க, அண்ணிகிட்ட கேக்கறேன். அண்ணி! தண்ணி எவ்ளோ விடணுமாம்?"

"விடவே கூடாது!" உள்ளேயிருந்து எழிலரசி பதறிக்கொண்டு வந்தாள். "கையில நனைச்சு தெளிக்கணும். அவ்ளோதான். ஜாஸ்தி ஆச்சுன்னா அழுவிடும்னு சொல்லு!"

அறிவுமதி சொன்னாள். சிதம்பரத்தில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"கேக்குதா? தெளிச்சா போதுமாம்."

"கேக்குது" என்றான் செம்பியன். "கிண்ணத்துக்கு ஒரு சொம்பு ஊத்திட்டேனே."